முன்னோக்கிப் புகுதலும் பின்னோக்கிப் புகுதலும்

நம் கல்லூரி மைதானத்தின் மேற்கோரத்திலே, புளியமரங்களின் நிழலில், ஆசிரியரும் விருந்தினரும் தத்தம் மோட்டார் வண்டிகளை நிறுத்திவைக்கும் இடம் ஒன்று உண்டென்பது இம்மலரைப் படிக்கும் அன்பர் அனைவரும் அறிந்ததே. காலையில் முதல் மணி அடித்தபின் அவ்விடத்தே சென்று சிறிது நின்று நோக்குவார்க்கு வண்டிகளின் நிலையில் ஒரு வேறுபாடு புலனாகும். பெரும்பாலன, சுவரை முகர்ந்து பார்ப்பன போல, முகத்தை உட்புறமாகவும் டிக்கியை வழிப்புறமாகவும் வைத்து நிற்கின்றன. ஒரு சில மாத்திரம், அழைத்தவுடன் புறப்படச் சித்தமாயிருப்பன போல, டிக்கியைச் சுவர்ப்புறமாகவும் முகத்தை வழிப்புறமாகவும் வைத்து நிற்கின்றன. முன்னவை நேரே ஓட்டிப் புகுத்தப்பட்டவை. பின்னவை ரிவர்ஸ் கியரிலே பின்னோக்கிச் செலுத்திப் புகுத்தப்பட்டவை. இவ்விரண்டினுள் எது தக்கதென்று மாணவர் சிலர் எம்மை வினவினர். "எப்படிப் புகுத்தினாலும் வண்டி நிற்கத்தானே செய்கிறது, ஐயா?" என்று அவருள் ஒருவர் கூறியதும் உண்டு.

நிற்கும்பொழுது இரண்டும் ஒன்றே என்பது மெய்யே. வேறுபாடெல்லாம் புகும்பொழுதும் புறப்படும்பொழுதும் தோன்றுவது. இலக்கியமும் சமயமும் விஞ்ஞானமும் ஆராயப்படும் இப்பக்கங்களில் வண்டி நிறுத்தும் வகையைப்பற்றி எழுதுதல் தகுமோ என்று சிலர் நகைத்தல் கூடும். யாமும் ஒரு காலத்தில் அங்ஙனம் நகைத்தவரே. எம் நகைப்பு நீங்கிய வரலாற்றைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில் அறிய வேண்டுவது ஒன்று உளது. மூன்று புறமும் அடைபட்டு ஒரு புறம் மாத்திரம் திறந்துள்ள கட்டத்தினுள் புகும் எந்த வண்டியும், புகுங்காலத்திலோ வெளிவருங்காலத்திலோ, ஒரு முறை பின்னோக்கிச் சென்றே தீரவேண்டும். முன்னோக்கிப் புகுந்தவர் பின்னோக்கி வெளிவருவர். பின்னோக்கிப் புகுந்தவர் முன்னோக்கி வெளிவருவர். இது தவணை வைத்துத் தீர்க்கும் கடனைப் போன்றது. காலையிலே தீர்க்கலாம், மாலையிலே தீர்க்கலாம், தீர்க்காதிருத்தல் இயலாது. மேலும், மெல்லச் செல்லும் வண்டியானது தான் முன்னோக்கிச் சென்ற தடத்தின்மேலேயே திரும்பப் பின்னோக்கியும் செல்லவல்லது. ஆகலின் தூரமும் திருப்பமும் இரு முறையிலும் ஏறத்தாழ ஒன்றே. "பின்னோக்கிப் புகுதல் எமக்கு வாராது, ஆதலால் நேரே புகுகின்றோம்" என்பார், அவ்வாராத வித்தையை மாலையில் வெளிவரும்பொழுது, அதனினும் அரிதான நிலையிலே செய்ய நேர்வதை எண்ணிப் பார்ப்பதில்லை.

பின்னோக்கிச் செல்லும் ஆற்றல் மோட்டார் வண்டிக்குப் பிறப்பிலேயே வாய்த்ததன்று. ஜெர்மனி நாட்டுக் கார்ல் பென்ஸ் என்பவர் 1886-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ரிவர்ஸ் கியர் என்பது கிடையாது. பின்னர் 1908-ஆம் ஆண்டில் ஹென்றி போர்டு வெளியிட்ட 'மாடல் டி' வண்டியிலோ, காலால் மிதிக்கும் மூன்று கட்டைகளுள் நடுவிலுள்ளது பின்னோக்கிச் செல்லுவதற்கென்றே அமைந்தது. அவ்வண்டியிற் பெட்ரோல் தன் எடையாலேயே தொட்டியினின்றும் எஞ்சினுக்கு இறங்கிவந்தமையால், தொட்டியில் எண்ணெய் குறைந்திருக்குங்கால் செங்குத்தான ஏற்றத்தில் அஃது எஞ்சினை எட்டாது நின்றுவிடும். அதனால் அக்காலத்தார் வண்டியைத் திருப்பிக்கொண்டு, மலைமேல் பின்னோக்கியே ஏறிச் சென்றனர். வேடிக்கையாகத் தோன்றினும் இது மெய்யாக நிகழ்ந்தது. நம் நாட்டு மாட்டுவண்டிக்கோ இத்தொல்லை இல்லை. மாடுகளை அவிழ்த்துவிட்டு, நுகத்தடியைப் பற்றி, வண்டியைப் பின்னோக்கித் தள்ளிக் கொட்டிலிலே சேர்ப்பதையும், விடியற்காலையில் மாட்டைப் பூட்டியவுடன் வண்டி நேரே வெளிப்படுவதையும் யாம் சிறுவயதிற் கண்டிருக்கின்றோம்.

இனி வண்டி திரும்பும் இயல்பைச் சிறிது ஆராய்வோம். கணிதமும் பௌதிகமும் பயிலும் மாணவர்க்கு இப்பகுதி இனிதாகவே இருக்கும், ஏனையோர் பொறுத்தருள்க. மோட்டார் வண்டியில் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்பட்டுத் திரும்புவன முன்சக்கரங்கள் இரண்டுமே. பின்சக்கரங்கள் தம் அச்சிலே நேராக நின்று, முன்சக்கரங்கள் இழுக்கும் பக்கம் தொடர்ந்து செல்வன. வண்டி வளைந்து செல்லுங்கால் நான்கு சக்கரங்களும் ஒரே மையத்தைச் சுற்றி வட்டமிடவேண்டும். இன்றேல் அவற்றுட் சில தரையில் உராய்ந்து தேயும். அம்மையம் பின்னச்சை இருபுறமும் நீட்டி வரைந்த கோட்டின்மேல் எங்கேனும் அமையும். இவ்வமைப்பைச் செய்தவர் மியூனிக் நகரத்து வண்டி செய்வோராகிய ஜார்ஜ் லங்கன்ஸ்பெர்கர் என்பவர். அவர் பொருட்டு லண்டன் மாநகரில் 1818-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் ருடால்ப் ஆக்கர்மன். குதிரை வண்டிக்கென்று தோன்றிய அவ்வமைப்பு இன்றும் காப்புரிமை பெற்றவர் பெயராலேயே வழங்குகின்றது. செய்தவர் பெயரை அறிவார் சிலரே.

ஒரு வண்டியின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையிலுள்ள தூரம் 3 மீட்டர் எனக் கொள்வோம். பெரிய வான் ஒன்றுக்கு இவ்வளவு தூரம் இருத்தல் கூடும். ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்புங்கால் பின்னச்சின் நடுப்புள்ளி மையத்தினின்றும் 4 மீட்டர் தொலைவில் வட்டமிடுவதாகவும் கொள்வோம். வட்டமையமும் இவ்விரண்டு அச்சுகளின் நடுப்புள்ளிகளும் சேர்ந்து ஒரு செங்கோண முக்கோணமாகும். அதன் இரு பக்கங்கள் 3-உம் 4-உம் ஆகலின், பள்ளிப் பருவத்திலேயே நாம் மனப்பாடம் செய்தபடி, கர்ணம் 5. அஃதாவது முன்னச்சின் நடு 5 மீட்டர் வட்டத்திலும், பின்னச்சின் நடு 4 மீட்டர் வட்டத்திலும் செல்லும். முன்புறம் சென்ற வழியைவிடப் பின்புறம் ஒரு முழு மீட்டர் உள்வாங்கிச் செல்லுகின்றது. தெருமுனையில் திரும்பும் நீண்ட பஸ்ஸின் பின்சக்கரம் நடைபாதையின் விளிம்பில் ஏறுவதும், அம்முனையில் நிற்பார் கால் நசுங்குவதும் இக்காரணம் பற்றியே.

இதனை வண்டி நிறுத்தும் கட்டத்தோடு பொருத்திப் பார்க்க. இடைவழியிலிருந்து ஒரு கட்டத்தினுள் முன்னோக்கித் திரும்புவோர், முகப்பைக் கட்டத்தின் வாயிலிற் சரியாகச் செலுத்தியபோதிலும், அவர் வண்டியின் பின்பாகம் உள்வாங்கி, அடுத்த கட்டத்தில் நிற்கும் வண்டியின் மூலையை உரசப் பார்க்கும். அதனைத் தவிர்க்க அகல வளைத்துத் திரும்பவேண்டும்; அகல வளைப்பதற்கு இடைவழி அகலமாக இருத்தல்வேண்டும். பின்னோக்கிப் புகுங்காலோ, திரும்பாத பின்சக்கரங்கள் முதலில் வாயிலினுட் செல்லுகின்றன. திரும்பும் சக்கரங்கள் பின்னே நின்று அவற்றை வழிப்படுத்துகின்றன. மரக்கலத்தின் சுக்கான் அதன் பின்புறத்தே அமைந்திருப்பதைப் போல்வது இது. அகலமாகச் சுழலும் முன்பாகம் அப்பொழுது இடைவழியிலேயே சுழலுவதால் அடுத்த வண்டிக்குத் தீங்கில்லை. இதனாற் குறுகிய இடைவழியுள்ள இடங்களிற் பின்னோக்கிப் புகுதலே எளிது. ஆனால் எதிர்வரிசையில் ஒரு வண்டி நெருங்கி நிற்குமாயின், சுழலும் முன்மூலை அதனைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளல் வேண்டும். புதிதாகப் பழகுவோர் கண்ணைப் பின்புறமே வைத்து முன்மூலையை மறந்துவிடுகின்றனர்.

இஃதெல்லாம் இடத்தையும் இரும்பையும் பற்றியது. உயிரைப் பற்றியது கண்ணினால் அறியப்படுவது. பின்னோக்கிப் புகுவோர் அதற்குச் சற்று முன்னரே அக்கட்டத்தின் வாயிலைக் கடந்து முன்சென்றிருப்பர். அங்ஙனம் செல்லுங்கால் கட்டம் வெறுமையாக உள்ளதா, கல்லோ நாயோ பிள்ளையோ அங்கு உண்டா என்பதைக் கண்ணாரக் கண்டிருப்பர். கண்ட சில விநாடிகளுக்குள் அதனுட் செல்லுகின்றனர். கட்டமோ சுவராலும் இருபுறத்து வண்டிகளாலும் அடைபட்டது. அதனுள் புதிதாக ஒருவர் வந்து சேர்தல் அரிது. முன்னோக்கிப் புகுந்து நிறுத்தியவர் நிலை இதற்கு நேர்மாறு. அவர் பல மணி நேரம் கழித்து வந்து, இடைவழியினுட் பின்னோக்கி வரவேண்டும். இடைவழி மக்கள் நடமாடும் வழி. சைக்கிள் வரும், மோட்டார் சைக்கிள் வரும், பிள்ளைகள் ஓடுவர். இருபுறமும் பெரிய வண்டிகள் நிற்குமாயின், தம் வண்டியின் பின்பாதி இடைவழியினுள் நீண்ட பின்னரே அவர் கண்ணுக்கு அவ்வழியின் இருபுறமும் தெரியவரும். தெரியுமுன் நீட்ட வேண்டியிருக்கின்றது. நீட்டுமுன் தெரிய வழியில்லை. முகத்தை வெளிப்புறமாக வைத்து நிறுத்தியவரோ, தாழ்ந்த பானெட்டுக்கு மேலாக அகன்ற கண்ணாடி வழியே நோக்கிக்கொண்டு வெளிவருகின்றார். வரிசை முழுவதும் இங்ஙனமே நிற்குமாயின், அடுத்துள்ள வண்டிகளின் பானெட்டுகளும் தாழ்ந்தவையே ஆதலால் அவற்றின் மேலாகவும் பார்க்கலாம். ஒருவர் செய்வதினும் எல்லாரும் செய்யுங்கால் இதன் பயன் மிகுவதற்குக் காரணம் இதுவே.

எம் நகைப்பு நீங்கிய வரலாற்றைக் கூறுவதாகச் சொல்லியிருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், கிறிஸ்துமஸ் கீத ஆராதனை முடிந்த இரவு, யாம் ஆலயத்தினின்றும் வெளிவந்து எம் வண்டியில் ஏறினோம். அன்று மாலை தாமதமாக வந்தமையால், அவசரத்தில் வண்டியை நேரே புகுத்தி நிறுத்தியிருந்தோம். இருபுறமும் வெளியூரிலிருந்து பாடகர்களை ஏற்றிவந்த வான்கள். தூறல் விழுந்து பின்கண்ணாடி முழுதும் நீர்த்துளிகள். எல்லா வண்டிகளும் ஒரே சமயத்திற் புறப்பட்டமையால் விளக்கொளி கண்ணைக் கூசியது. வழக்கம் போல இருபுறக் கண்ணாடிகளையும் பார்த்தோம், கழுத்தைத் திருப்பியும் பார்த்தோம், ஒருவரும் இலர். ரிவர்ஸிலே வண்டியை மெல்ல நகர்த்தினோம். ஒரு சாண் நகர்ந்திருக்கும். டிக்கியின்மேல் யாரோ ஓங்கி அறைந்த ஓசை கேட்டு நிறுத்தினோம். இறங்கிச் சென்று பார்த்தபொழுது, இராக் காவலர் ஒரு சிறுமியைத் தம்மோடு அணைத்துக்கொண்டு நின்றார். ஐந்து வயதிருக்கும். வெள்ளை உடையும் சரிகைத்தாட் சிறகும் அணிந்து, சற்று முன்னர் மேடையிலே தேவதூதர்களுள் ஒருத்தியாக நின்றவள். அவள் கையிலிருந்த அட்டை நட்சத்திரம் காற்றிற் பறந்து எம் வண்டியின் பின்னே விழ, அதை எடுக்கக் குனிந்திருக்கின்றாள். "ஐயா, பிள்ளை இருக்குது" என்பதற்குமேல் காவலர் ஒன்றும் கூறவில்லை. நட்சத்திரத்தின்மேற் சக்கரத்தின் தடம் பதிந்திருந்தது.

அச்சிறுமி இப்பொழுது நெடிதாக வளர்ந்து பள்ளியிற் பயில்கின்றாள்; அவ்விரவை அவள் நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. யாம் வைத்திருக்கின்றோம். காவலர் அங்கு நில்லாதிருப்பின் என்னாகும் என்பதை எம் வண்டியின் கண்ணாடிகள் எமக்குக் காட்டியிரா. எம் கவனத்திற் குறை இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் எத்துணைக் கவனமும் உலோகத்தை ஊடுருவிக் காணாது.

இத்தகைய சாவுகளை அமெரிக்க ஐக்கிய நாட்டார் கணக்கெடுத்திருக்கின்றனர். அந்நாட்டு அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்புத் துறையார் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பின்னோக்கி வரும் வண்டிகளால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 210 பேர் மாண்டனர். 15,000 பேர் காயமுற்றனர். மாண்டவருள் நூற்றுக்கு 31 பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். 26 பேர் எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன முதியோர். ஓடத் தெரிந்து அஞ்சத் தெரியாதவரும், அஞ்சத் தெரிந்து ஓட இயலாதவருமே இதற்குப் பெரிதும் இரையாகின்றனர். அந்நாட்டில் 2002-ஆம் ஆண்டில் ஒரு தந்தை, தம் இரண்டு வயது மகன் பின்னே ஓடிவந்ததை அறியாமல் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்த, குழந்தை மாண்டது. அக்குழந்தையின் பெயராலேயே 2008-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் நிறைவேறியது. அதன் வழியாக, 2018-ஆம் ஆண்டு மே மாதம் முதல் அங்கு விற்கப்படும் புதிய வண்டிகள் அனைத்திலும் பின்புறத்தைக் காட்டும் காமிரா இருத்தல் வேண்டுமென்பது கட்டாயமாயிற்று. வண்டியின் பின்னே 10 அடி அகலமும் 20 அடி நீளமும் கொண்ட நிலப்பரப்பை அது காட்டல் வேண்டும்.

ஈண்டு ஒன்றை மறைக்காமற் கூறவேண்டும். அத்தந்தை அன்று வண்டியைத் தெருவினின்றும் தம் வீட்டு முன்வழியினுட் பின்னோக்கிச் செலுத்திக்கொண்டிருந்தார். அஃதாவது, பின்னோக்கிப் புகுந்துகொண்டிருந்தார். ஆகவே பின்னோக்கிப் புகுதல் என்பது ஏதோ தாயத்துக் கட்டினாற் போல்வதன்று. கட்டம் அடைபட்டிருத்தலும், அதனைச் சற்று முன்னர்க் கண்டிருத்தலும் ஆகிய இரண்டுமே அதன் காப்பு. வீட்டு வாயிலோ உள்ளிருந்து திறப்பது. அப்பா வந்துவிட்டார் என்று பிள்ளை ஓடிவரும் வழி அதுவே. போர்ட்டிகோவினுள் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துமுன் வீட்டார் ஒருவர் வெளியே வந்து பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்றல் வேண்டும். கண்ணாடியாலும் காமிராவாலும் ஆகாத காப்பு அதனால் ஆகும்.

காமிராவும் ஒலிக்கருவியும் வந்துவிட்டனவே, இனி எப்படிப் புகுந்தால் என்ன என்பாரும் உளர். நம் இந்திய நாட்டிலும் 2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் புதிய கார்களிலெல்லாம் பின்னே தடை இருப்பதை ஒலியால் அறிவிக்கும் கருவி கட்டாயமாக்கப்பட்டது. நல்லதே. ஆயினும் அக்கருவி பின்னே நிற்பதை அறிவிக்குமேயன்றி, பக்கத்தினின்றும் குறுக்கே விரைந்து வருவதைக் காலத்தில் அறிவிக்கும் என்பதற்கில்லை. குறுக்கே வருவதை அறிவித்தற்கென்றே அமைந்த கருவிகளை அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கத்தார் 2015-ஆம் ஆண்டிற் சோதித்தனர். பெரிய வண்டிகளுக்கிடையே நிறுத்திச் சோதித்தபொழுது, அவை மோட்டார் சைக்கிளை ஏறத்தாழப் பாதிச் சோதனைகளிலும், நடந்து செல்வாரைப் பாதிக்கு மேற்பட்ட சோதனைகளிலும் அறியத் தவறின. தம் நாட்டு வண்டியோட்டிகளுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் முன்னோக்கியே புகுகின்றனர் என்பதைக் கண்ட அச்சங்கத்தார், பின்னோக்கிப் புகுமாறு அறிவுரை கூறினர்.

நம் நாட்டில் கருவிகள் தோன்றுமுன்னரே ஒரு கருவி இருந்தது, இன்றும் இருக்கின்றது. அவர்தாம் கிளீனர். லாரியோ பஸ்ஸோ பின்னோக்கி வருங்கால் அவர் இறங்கிப் பின்னே சென்று, பக்கத்துத் தகட்டைத் தட்டிக்கொண்டே, "வா, வா, வரட்டும், வரட்டும்... ஹோல்டான்!" என்று கூவுவதைக் கேளாத தமிழர் இலர். தட்டல் நின்றால் வண்டி நிற்கும். பார்த்து நகைப்பதற்குரிய காட்சியாக நாம் அதனைக் கருதிவந்தோம். மெய்யாக நோக்கின் வண்டிக்குப் பின்னே ஒரு சோடிக் கண்களை வைக்கும் ஏற்பாடே அஃது. தமிழ்நாட்டுப் பள்ளி வாகனங்களுக்கென 2012-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகள் ஒவ்வொரு வாகனத்திலும் உதவியாளர் ஒருவர் இருத்தல் வேண்டுமென்று கூறுகின்றன. பள்ளி வளாகத்தினுள்ளேயே பின்னோக்கி வந்த வாகனத்தின்கீழ்ப் பிள்ளைகள் மாண்ட செய்திகளைப் பத்திரிகைகளிற் படித்திருப்போர்க்கு அவ்விதியின் அருமை விளங்கும்.

சட்டமும் தேர்வும் இப்பொருளில் என் செய்கின்றன என்பதைச் சுருங்கக் கூறுவோம். பிரிட்டிஷாரின் சாலை விதித்தொகுப்பில் 201-ஆம் விதி, பக்கத் தெருவினின்றும் பெருஞ்சாலைக்குப் பின்னோக்கி வாரற்க என்றும், வீட்டு முன்வழியைப் பயன்படுத்துங்கால் இயன்றவரை பின்னோக்கிப் புகுந்து முன்னோக்கி வெளிவருக என்றும் தெளிவாகக் கூறுகின்றது. அங்ஙனமிருக்க, 2017-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் அந்நாட்டு ஓட்டுநர் தேர்விலே கட்டத்தினுள் முன்னோக்கிப் புகுந்து பின்னோக்கி வெளிவரச் சொல்லும் பகுதியும் சேர்க்கப்பட்டது! மக்கள் கடைவீதிகளில் அப்படித்தான் செய்கின்றனர், ஆதலால் அதனைச் செவ்வையாகச் செய்யப் பழகட்டும் என்பது கருத்து. எம் கருத்திற்கு இது தவறான வழக்கத்துக்குத் தேர்வுமண்டபத்தில் ஆசனம் கொடுத்ததாகும். எனினும் மக்கள் எப்படியும் செய்யப்போவதைப் பழக்காமல் விடுவதினும் பழக்கிவிடுதல் நன்று என்பார் கூற்றையும் முற்றும் தள்ளுவதற்கில்லை. நம் நாட்டிலோ, 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், குறுகிய இடைவெளியினுள் வலப்புறமாகவோ இடப்புறமாகவோ வண்டியைப் பின்னோக்கிச் செலுத்திக் காட்டவேண்டுமென்று தேர்வுப் பகுதிகளுள் ஒன்றாகவே வைத்துள்ளன. ஆனால் 'எட்டுப் போட்டு' உரிமம் பெற்றுவந்த நம் நண்பர்களுள் எத்தனை பேர் பின்னர் அவ்வித்தையை ஒரு முறையேனும் விரும்பிச் செய்தனர் என்பதை அவரவர் நெஞ்சையே கேட்டுக்கொள்க.

நாட்டுக்கு நாடு வழக்கம் மாறுவதும் உண்டு. சீனத்திலே மிகப் பெரும்பாலோர் பின்னோக்கிப் புகுகின்றனர். அமெரிக்காவில் அங்ஙனம் செய்வார் மிகச் சிலர். அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர், இன்றைய வருத்தத்தைப் பொறுத்து நாளைய பயனை எதிர்நோக்கும் மனப்பான்மையே இதற்குக் காரணமெனவும், இவ்வழக்கமுள்ள நாடுகளின் உழைப்புப்பயன் விரைந்து பெருகுகின்றதெனவும் சில ஆண்டுகளுக்கு முன்னர் எழுதினார். படிக்க இனிதாக இருந்தபோதிலும் எமக்கு இதிலே நம்பிக்கை பிறக்கவில்லை. குறுகிய இடங்களும், ஓட்டுநர் பள்ளிகளிற் கற்பிக்கும் முறையும், பார்த்துப் பழகும் பழக்கமுமே போதிய காரணங்களாகத் தோன்றுகின்றன. டிக்கியின் நிலையைக் கொண்டு ஒரு தேசத்தின் குணத்தை அளத்தல் சற்று விரைவான செயலேயாகும்.

முன்னோக்கிப் புகுதலே தக்கதாகும் இடங்களும் இல்லாமலில்லை. வண்டி வரும் திசைக்கு ஏற்பச் சாய்வாகக் கோடிட்ட கட்டங்களிற் பின்னோக்கிப் புக முயல்வார், வழி முழுவதையும் மறித்து ஏனையோர் வசைக்கு ஆளாவர். ஒருவழிப் பாதையாயின் புறப்படும்பொழுது எதிர்த்திசையில் முகம் வைத்து நிற்பர். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் சிற்றூர்களிலும் அமெரிக்காவின் சியாட்டில் முதலிய நகரங்களிலும் தெருவோரக் கட்டங்களையே எதிர்ப்பக்கம் சாய்த்து வரைந்து, பின்புறம் நடைபாதையைத் தொடுமாறு நிறுத்தும்படி அறிவிப்புப் பலகை வைத்திருக்கின்றனர். அங்ஙனம் செய்தவிடத்துப் புறப்படுவோர் தம்மை நோக்கி வரும் சைக்கிளை நேரே காண்பர். மூட்டைகளை நடைபாதையில் நின்றே டிக்கியில் ஏற்றலாம். பிள்ளைகள் இறங்குங்கால் திறந்த கதவே அவர்களைத் தெருப்புறம் செல்லாது நடைபாதைப் பக்கம் திருப்பும். மளிகைக் கடைக்குச் செல்வோர் டிக்கி வழிப்புறமாக இருத்தல் வேண்டுமென விரும்புவதும் நியாயமே. அமெரிக்காவிற் சில பல்கலைக்கழகங்கள் பின்னோக்கிப் புகுதலைத் தடுத்தே வைத்துள்ளன. அப்பகுதிகளில் எண் பலகை வண்டியின் பின்புறத்தில் மட்டுமே இருப்பதால், காவற்காமிரா அதைப் படிக்க இயலாதென்பது காரணம். நம் நாட்டு வண்டிகளுக்கு முன்னும் பின்னும் பலகை உண்டாகலின் அத்தடைக்கு இங்கு இடமில்லை.

இனி, பழக விரும்புவோர்க்குச் செய்முறை. விடுமுறை நாளிலே மைதானம் வெறிதாயிருக்குங்கால் வருக. முதலில் வலப்புறக் கட்டத்தையே தேர்ந்துகொள்க. நம் நாட்டு வண்டிகளில் ஓட்டுவோர் வலப்புறம் அமர்வதால் அப்பக்கம் நன்கு தெரியும். கட்டத்தைக் கடந்து செல்லும்பொழுதே கழுத்தைத் திருப்பி அதன் உட்புறத்தைத் தரைவரை பார்க்க. இந்தப் பார்வையே இம்முறையின் உயிர். இதனை விட்டுவிட்டுப் பின்னோக்கிப் புகுவார்க்கு யாம் மேலே கூறிய பயனிற் பாதி இல்லை. கட்டத்தைத் தாண்டிச் சற்று இடப்புறம் சாய்த்து நிறுத்தி, பின்னே வருவார்க்கு விளக்கால் அறிவித்து, ரிவர்ஸிலிட்டு, நடக்கும் வேகத்தினும் மெல்ல வருக. வலக் கண்ணாடியில் அடுத்த வண்டியின் மூலை தெரியும்பொழுது ஸ்டியரிங்கை வலப்புறம் ஒடிக்க. இரு கண்ணாடிகளிலும் கட்டத்தின் வெள்ளைக் கோடுகள் ஒரே அளவாகத் தோன்றத் தொடங்கியதும் ஸ்டியரிங்கை நேராக்குக. சரியாக அமையாவிடின் முன்னே சென்று மீண்டும் வருதலில் இழிவு ஒன்றும் இல்லை. பின்னே நிற்பார் ஹாரன் அடிப்பர், அடிக்கட்டும். நாலைந்து நாட் பயிற்சியில் கை தானே அறிந்துகொள்ளும்.

நம் மைதானத்தில் வடகோடியிலுள்ள ஆறு கட்டங்களைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. அவற்றின் சுவருக்கு அப்பால் ஓர் அடிக்குள்ளே மகளிர் விடுதியின் கீழ்த்தள அறைகளின் ஜன்னல்கள் உள்ளன. அங்கே டிக்கியைச் சுவர்ப்புறம் வைத்து நிறுத்திவிட்டு, காலையில் எஞ்சினை ஓடவிடுவார் உளராயின், புகை முழுவதும் படித்துக்கொண்டிருக்கும் மாணவியர் முகத்திலேயே படியும். ஆதலால் அவ்வாறு கட்டங்களில் மாத்திரம் முகத்தைச் சுவர்ப்புறம் வைத்தே நிறுத்துக; புறப்படுங்கால் வண்டியில் வந்தவருள் ஒருவரை முன்னரே இறக்கிப் பின்னே நிற்கச் செய்க. தனியே வந்தவர் வாயிற் காவலரைக் கூவி அழைக்கலாம். அவர் வந்து டிக்கியைத் தட்டுவார்.